காதல் நாவலும் கல்லடி வீடும்

காதலைப் பாடாத இலக்கியம் தமிழில் இல்லை. சங்கச் சான்றோர் முதற்கொண்டு, படுவான்கரை வயலில் காவற்பரணில் இருந்து கவி பாடிய உழவன் வரை யாவரும் அதனைப் பாடியிருக்கின்றனர். ஆகவே, காதல் நாவலைக் கண்டிக்க முற்படுவோர் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும்: நமது வழக்கு காதலின்மீது தொடுக்கப்பட்டதன்று. காதலின் பெயரால், காதலைப் பற்றி எதுவுமே சொல்லாமல், மாதந்தோறும் அச்சேறி வருகின்ற ஒருவகை நாவலின்மீது தொடுக்கப்பட்டது.

அந்நாவலை இனங்காட்ட அதிக நேரம் வேண்டியதில்லை. கதாநாயகன் செல்வன், தொழிலதிபன், முன்கோபி. அவனுடைய தொழிற்சாலையில் என்ன உற்பத்தியாகிறது, அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குக் கூலி என்ன என்பன இருநூறு பக்கம் படித்த பின்னும் தெரியவரா. கதாநாயகி அழகி, மானமுள்ளவள், நொடித்துப்போன குடும்பத்தவள். இடையிலே பொறாமை கொண்ட ஓர் உறவுக்காரி; ஒரு பொய்; ஒரு சந்தேகம்; இரண்டு கண்ணீர்க் காட்சிகள். இறுதியில் நாயகனுடைய மாளிகையின் கதவு திறக்கிறது. நாயகி உள்ளே போகிறாள். முற்றும்.

தமிழில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் பெயர் ரமணிசந்திரன். 150க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அவருடைய நூல்களும் அவர் வழியில் வந்தோரின் நூல்களும் பாக்குநீரிணையைக் கடந்து ஈழத்து வீடுகளிலும் நூலகங்களிலும் கைமாறிக் கைமாறி முனை மடங்கிக் கிடக்கின்றன. அவர் ஆபாசத்தை விற்றவர் அல்லர். தமது வாசகியரை ஏமாற்ற எண்ணியவருமல்லர். இதனை ஒப்புக்கொண்டே நமது விமரிசனத்தைத் தொடங்குவோம். தனியொருவரின் குறையைப் பேசுவதனால் பயனில்லை. இந்நாவல் எங்கிருந்து ஊறுகிறது, எவ்வாறு செய்யப்படுகிறது என்பதே நமது வினா.

எழுதும் முறையைப் பற்றி நம்மவரிடையே வழங்கும் இரண்டு தவறான குற்றச்சாட்டுகளை முதலில் அப்புறப்படுத்துவோம்.

முதலாவது குற்றச்சாட்டு வேகம். "இவர்கள் எழுதிக் குவிக்கிறார்கள், ஆகவே இலக்கியமாகாது" என்பர் சிலர். ஆங்கில நாட்டின் பார்பரா கார்ட்லண்ட் 700க்கு மேற்பட்ட நாவல்களை வெளியிட்டவர். 2000ஆம் ஆண்டில் மறைந்தார். பிற்பகல் வேளையில் சாய்விருக்கையில் படுத்தபடியே கதையைச் சொல்லிக்கொண்டு போவார், செயலாளர் எழுதிக்கொள்வார். இதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். ஆனால் நமது வை. மு. கோதைநாயகி அம்மாளும் தமது முதற் படைப்பாகிய 'இந்திர மோகனா' நாடகத்தை வாயினாற் சொன்னவரே. தோழி ஒருத்தி எழுதிக்கொண்டாள். காரணம் யாது? குழந்தைப் பருவத்திலேயே மணம் முடித்து வைக்கப்பட்ட அவருக்கு அப்போது எழுதத் தெரியாது! பின்னர் எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார். இருவரும் சொல்லி எழுதுவித்தனர், இருவரும் குவித்தனர். ஆயினும் கைம்பெண்ணின் துயரமும் குழந்தை மணத்தின் கொடுமையும் கோதைநாயகியின் கதைக்குள் நுழைந்தன. ஏனெனில் அவை அவருடைய தெருவில் இருந்தன. கார்ட்லண்டின் கதைக்குள் பிரபுக்களும் கோமகள்களுமே நுழைந்தனர். ஆகவே வேகம் குற்றமன்று.

இரண்டாவது குற்றச்சாட்டு பணம். "காசுக்காக எழுதுகிறார்கள்" என்பது. டாக்டர் திரிபுரசுந்தரி என்னும் லக்ஷ்மி, மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்தபோது படிப்புச் செலவுக்கு வழியின்றிப் பத்திரிகைக்குக் கதை எழுதத் தொடங்கியவர். எழுதிய பணத்தில் படித்து மருத்துவரானார். அந்தக் காசை இழிவென்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? உழைப்புக்குக் கூலி கேட்பதைப் பாவமென்று கருதும் இலக்கியக் கொள்கை மேட்டுக்குடியின் கொள்கை; நம்முடையதன்று.

அவ்வாறாயின் குற்றம் எங்கே உள்ளது? ஊற்றில் உள்ளது. வாழ்க்கையிலிருந்து கதை பிறப்பதற்குப் பதிலாக, விற்ற கதையிலிருந்து விற்கப்போகும் கதை பிறக்கிறது. லண்டனில் 1908ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் முதலில் பலவகை நூல்களையும் வெளியிட்டது. காலப்போக்கில் காதல் நாவலை மட்டுமே வெளியிடும் ஆலையாக மாறிற்று. 1971இல் கனடாவின் ஹார்லெக்குவின் நிறுவனம் அதனை வாங்கியபின் அச்சரக்கு உலகச் சந்தைக்கே உரியதாயிற்று. தமிழகத்தில் 1969இல் 'ராணிமுத்து' வந்தது. மலிவு விலையில் மாதம் ஒரு முழு நாவல் என்னும் முறை வீடுதோறும் புத்தகத்தைக் கொண்டு சேர்த்தது. அந்த நன்மையை மறுப்பது அறிவீனம். ஆயினும் அதனைப் பின்பற்றி எழுந்த மாத நாவற் சந்தை ஓர் அளவுகோலையும் எழுத்தாளர் கையில் திணித்தது. இத்தனை பக்கம், இந்தத் தேதி, சென்ற மாதம் விற்றது போலவே இம்மாதமும் விற்க வேண்டும். இந்நிலையில் எழுத்தாளரின் உள்ளெழுச்சி என்று பேசப்படுவது பெரும்பாலும் சென்ற மாத விற்பனைக் கணக்கின் எதிரொலியே.

"காதல் கதையில் கூலியும் கடனும் எதற்கு? காதல் என்றால் அகம்; அகத்தில் புறத்தைத் திணிக்கலாமா?" என்று நமக்குப் பாடம் சொல்ல வருவோர் உளர். அவர்கள் அகப்பொருள் இலக்கணத்தைப் பிரித்துப் பார்ப்பார்களாக. தொல்காப்பியர் அகத்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று வகுத்தார். கருப்பொருளின் வரிசையில் தெய்வம் உண்டு, விலங்கு உண்டு, மரமும் பறவையும் பறையும் யாழும் உண்டு. அவற்றோடு உணவும் உண்டு, செய்தி எனப்படும் தொழிலும் உண்டு. நெய்தலின் தலைவி உப்பும் மீனும் உள்ள நிலத்தில் நின்றுதான் தலைவனை நினைக்கிறாள். மீன் உணக்கலைக் காக்கும் வேலை அவளுக்கு உண்டு. உண்பது என்ன, செய்யும் தொழில் என்ன என்று சொல்லாமல் காதலைப் பாடுதல் தமிழிலக்கணப்படியே குறைபாடு. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட புலவனுக்குத் தெரிந்த இவ்வுண்மை இன்றைய மாத நாவலாசிரியருக்குத் தெரியவில்லை!

மேலைநாட்டுச் சான்று வேண்டுவோர் ஜேன் ஆஸ்டினைப் படிக்கட்டும். காதல் நாவலின் தாய் என்று அவரைக் கொண்டாடுகின்றனர். 1813இல் வெளிவந்த அவரது 'பெருமையும் தப்பெண்ணமும்' நாவலில் டார்சியின் ஆண்டு வருமானம் பத்தாயிரம் பவுண் என்பது அவன் அறிமுகமாகும் இடத்திலேயே ஊராரால் பேசப்படுகிறது. ஐந்து பெண்மக்கள் உள்ள வீடு, தந்தை இறந்தால் தூரத்து உறவினனாகிய ஆண்மகனுக்குப் போய்விடும் என்னும் சொத்துரிமை ஏற்பாடே அக்கதையின் அச்சாணி. காதலுக்கும் வீட்டுறுதிக்கும் உள்ள தொடர்பை ஒரு பாதிரியாரின் மகள் இருநூறு ஆண்டுக்கு முன்பே கணக்கெழுதிக் காட்டினாள். அவளுடைய வழித்தோன்றல்கள் எனப்படுவோர் மாளிகையை வைத்துக்கொண்டு கணக்கைக் கிழித்துவிட்டனர்.

வீட்டுறுதி என்றதும் நாம் கல்லடிக்கு வந்துவிடுகிறோம்.

மட்டக்களப்பு மண்ணின் மணவழக்கம் ஏனைய தமிழ் நிலங்களின் வழக்கத்தினின்றும் வேறுபட்டது. இங்கே குடிவழி தாய்வழி. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தந்தையர் இளைய மக்களோடு ஒதுங்கிச் சிறு வீடு கட்டிக்கொள்வதும் உண்டு. இவ்வழக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. கல்லடியிலும் காத்தான்குடியிலும் பெண்ணின் தலைக்கு மேலுள்ள கூரை பெண்ணுடையது. கணவன் குடித்தாலும் அடித்தாலும் ஓடிப்போனாலும் அவள் நிற்க ஓர் இடம் உண்டு. இந்த வழக்கத்தை நாம் பொற்காலமாகப் போற்ற வரவில்லை. அந்த வீட்டைக் கட்டிமுடிக்கக் கரைவலை இழுக்கும் தகப்பன் முதுகொடிகிறான். தங்கைக்கு வீடு எழும்பும்வரை அண்ணன் கலியாணம் செய்யாதிருக்கிறான். வீடில்லாத பெண்ணைக் கேட்டுவர ஆளில்லை. வழக்கத்தின் நன்மையும் அதன் கொடுமையும் ஒரே செங்கல்லில் உள்ளன. இதைவிடப் பெரிய காதற் கதைக்கு வேறு கரு வேண்டுமா?

ஆனால் இவ்வூர்ப் பெண்பிள்ளையின் கையில் இருக்கும் நாவல் அவளுக்கு எதைக் கற்பிக்கிறது? காதலின் நிறைவு ஆணின் வீட்டுக்குள் நுழைவதே என்று கற்பிக்கிறது. சொந்த மண்ணில் தனக்குரிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டே அவள் இன்னொருவன் மாளிகைக் கதவு திறப்பதைக் கனவு காண்கிறாள்!

இது வெறும் கனவுதானே, இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்பீர்களாயின், 2004 மார்கழி 26ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கடற்கரையையும் வாரிச் சென்றது. வீடிழந்தோருக்கு வீடு கொடுக்க வந்த அரசாங்கப் படிவங்களிலே 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. தலைவர் என்றால் ஆண் என்பது அதிகாரிகளின் எண்ணம். தாய்வழியாகப் பெண்ணுக்கு உரியதாயிருந்த வீடு அலையோடு போயிற்று. புதிதாகக் கட்டிய வீட்டின் உறுதியில் கணவனின் பெயர் ஏறிற்று. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. படிவத்தை அச்சிட்டவனும் நாவலை எழுதியவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் மனத்திலும் இருந்த வீடு ஒன்றே: ஆண் உரிமையாளனாகவும் பெண் அங்கே அனுமதி பெற்று நுழைபவளாகவும் இருக்கும் வீடு. கருத்துலகில் ஆயிரம் முறை நடந்துவிட்ட ஒன்று நிருவாக உலகில் நடக்கும்போது எவருக்கும் வியப்புத் தோன்றுவதில்லை. நாவல் செய்யும் தீங்கு இவ்வகையானது.

இன்னுமொன்று. பொருள்வயிற் பிரிவு என்று அகத்திணையில் ஒரு துறை உண்டு. தலைவன் பொருள் தேடப் போவான்; தலைவி காத்திருப்பாள். கடல்வழிப் பயணம் மகளிரோடு இல்லை என்றும் தொல்காப்பியம் விதித்தது. அந்த விதியை இன்றைய மட்டக்களப்புப் பெண் தலைகீழாக்கிவிட்டாள். மகளுக்கு வீடு கட்டவும் கடன் தீர்க்கவும் தாய் அரபு நாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறாள். கடலைத் தனியாகவே கடக்கிறாள். கணவன் இங்கே இருக்கிறான். ஆண்டுக்கணக்கான அப்பிரிவில் காதல் என்னவாகிறது? அவள் அனுப்பும் பணத்தில் எழும் சுவரைப் பார்த்து அவன் என்ன நினைக்கிறான்? திரும்பி வரும்போது அவளை அடையாளம் காண்பவன் யார்? பாலைத்திணைக்கு இதைவிட வெம்மையான பொருள் சங்ககாலத்திலும் கிடைத்ததில்லை. ஆயினும் நமது காதல் நாவலில் விமானம் ஏறுகிறவன் எப்போதும் நாயகனே. அவன் போவது வியாபார ஒப்பந்தத்தில் கையெழுத்திட!

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "நாள் முழுதும் அடுப்படியிலும் அலுவலகத்திலும் உழைத்துக் களைத்த பெண்ணுக்கு ஒரு மணி நேர ஆறுதல் வேண்டும். துன்பத்தையே அவள் புத்தகத்திலும் படிக்க வேண்டுமா?" என்பது அவ்வாதம். இதனை எள்ளி நகையாடும் முற்போக்காளர்கள் நம்மிடையே உளர். அவர்கள் தவறு செய்கிறார்கள். ஜானிஸ் ராட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட தமது நூலுக்காகக் காதல் நாவல் வாசகியரையே நேரிற் கேட்டார். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஊழியம் செய்வதே வேலையாகிவிட்ட வாழ்வில், புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரம் ஒன்றே தமக்கென்று உள்ள நேரம் என்பது அப்பெண்களின் விடையாக இருந்தது. அதாவது, வாசிப்பு அவர்களுக்கு ஒரு சிறு வேலைநிறுத்தம். அந்த வேலைநிறுத்தத்தை நாம் மதிக்கிறோம். களைப்பு உண்மை, ஆறுதல் வேண்டும் என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் களைப்பைக் கண்ட எழுத்தாளர் செய்வது என்ன? களைப்பின் காரணத்தைக் கதையிலிருந்து நீக்கிவிடுகிறார். அந்த மாளிகையில் சமையற்காரி உண்டு. அவளுக்கு முகம் இல்லை. வாசகியின் வாழ்வில் முக்காற் பங்கை விழுங்கும் வேலையைக் கதையில் பெயரில்லாத இன்னொரு பெண் செய்து முடிக்கிறாள். புத்தகம் மூடப்பட்டதும் வாசகி எழுந்து போவது அந்தப் பெயரில்லாதவளின் இடத்துக்கே. ஒரு மணி நேரம் ஆறுதல் தந்த நூல், அவளுடைய உழைப்பைக் கதைக்குத் தகுதியற்றது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைவிட நன்றிகெட்ட ஆறுதல் உண்டா? இன்பமான முடிவை நாம் எதிர்க்கவில்லை. தன் அடுப்படியும் தன் கடனும் தன் வீட்டுறுதியும் உள்ளே இருக்கும் கதையில் இன்பமான முடிவைக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறோம்.

அத்தகைய கதை எழுத இயலாது என்போருக்கு ஈழத்து இலக்கியமே விடை. மங்களநாயகம் தம்பையா 1914இலேயே 'நொறுங்குண்ட இருதயம்' நாவலில் மணவாழ்வில் பெண் படும் பாட்டைப் பொருளாக்கினார். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் வந்தது. நெடுந்தீவுக் கடற்கரையில் மீன்பிடிப் பருவத்துக்கு வாடியமைக்க வரும் தொழிலாளரிடையே முளைத்த காதலின் கதை அது. சனங்கள் விரும்பிப் படித்தனர், 1978இல் திரைப்படமுமாயிற்று. தொழிலைச் சொன்னதனால் காதல் சுவை குன்றிவிடவில்லை. மட்டக்களப்பிலே நெடுங்காலம் ஆசிரியராயிருந்த எஸ். பொன்னுத்துரை நமது அணியோடு முரண்பட்டுப் பிரிந்தவர். ஆயினும் அவருடைய 'சடங்கு' நாவலை நாம் ஒதுக்கிவிட முடியாது. கொழும்பில் எழுதுவினைஞனாயிருப்பவன் மனைவியைக் காண ஊருக்கு வந்து, நெருங்க வழியின்றித் திரும்பும் அக்கதையில், நடுத்தர வர்க்கத்தின் சம்பளமும் விடுமுறையும் வீட்டு நெருக்கடியும் படுக்கையறைவரை வந்து நிற்பதைக் காண்கிறோம். கொள்கையில் முரண்பட்டவரிடமிருந்தும் கற்க வேண்டியதைக் கற்பதே வளர்ச்சி.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். வேலைநிறுத்தமும் ஊர்வலமும் எழுதிய முற்போக்கு நாவலாசிரியர் பலர், காதலை ஏதோ கூச்சத்துக்குரிய பண்டமாகக் கருதி ஓர் அத்தியாயத்தில் ஒதுக்கிவிட்டனர். தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, காதல் இல்லை. அவன் மனைவிக்குப் பட்டினி உண்டு, ஆசை இல்லை. நாம் காலிசெய்து விட்ட வீட்டில்தான் மாத நாவல் குடியேறிற்று.

தடை செய்தால் தீரும் என்பதும் பகற்கனவே. 1970களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து நூல்களுக்கு இடம் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் ஊரெங்கும் பரவின. நன்மை விளைந்தது உண்மை. ஆயினும் 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் பழைய வெள்ளம் மீண்டும் புகுந்தது. சுங்கச்சாவடி இலக்கிய இரசனையைக் காக்கமாட்டாது. இன்றோ அதே கதைகள் கைத்தொலைபேசியிலே அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. எந்தச் சுங்க அதிகாரி அவற்றைத் தடுப்பார்?

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பிய விபுலாநந்த அடிகளிடமிருந்து ஒரு முறையைக் கற்கலாம். மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் நீருக்கடியிலிருந்து எழும் ஓசையைப் பாடும்மீன் என்று ஊரார் கூறிவந்தனர். எல்லோரும் கேட்டனர், கேட்டு வியந்து வீடு திரும்பினர். விஞ்ஞானம் பயின்ற அடிகள் அவ்வோசையை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். அந்த ஓசைக்கு நீரரமகளிரின் இசையாக 'யாழ் நூ'லிலே இடம் கிடைத்தது. நெடுங்கால உழைப்பின் பயனாகிய அந்நூல் 1947இல் அரங்கேறிற்று. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய சமயத்தை ஏற்பதும் ஏற்காததும் வேறு. உள்ளெழுச்சி என்பது காதைத் தீட்டிக் கேட்பதில் தொடங்குகிறது, கேட்டதைச் சோதிப்பதில் வளர்கிறது என்பதே இங்கு பாடம். வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை.

வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலைப் புரட்டினால் இந்நிலத்துக் காதற் கவிகளின் செல்வம் தெரியும். மச்சானை விளித்துப் பாடும் அப்பெண்கள் வயலையும் வண்டியையும் வறுமையையும் மறைத்துப் பாடியவர்கள் அல்லர். எழுத்தறியாத அவர்களுக்குக் காதலையும் உழைப்பையும் பிரித்துப் பேசத் தெரிந்திருக்கவில்லை. பிரித்துப் பேசும் கலையைச் சந்தைதான் நமக்குக் கற்றுத் தந்தது.

ஆசிரிய நண்பர்களே, மாணவியின் மேசைக்குள் இருக்கும் நாவலைப் பறிக்காதீர்கள். வகுப்பில் விரித்து வைத்துக் கேளுங்கள்: இக்கதையில் சோறு சமைப்பவர் யார்? நாயகனின் செல்வம் எவர் கையிலிருந்து வந்தது? வீடு எவர் பெயரில் உள்ளது? உன் வீடு எவர் பெயரில் உள்ளது? மாணவ நண்பர்களே, உங்கள் அம்மம்மாவிடம் போய் அவருடைய கலியாணம் எப்படி முற்றாயிற்று என்று கேட்டு எழுதுங்கள். அதில் போடியார் இருப்பார், கடன் இருக்கும், 1990ஆம் ஆண்டு இருக்கும், காணாமற்போனவர் இருப்பார். இத்தனைக்கும் நடுவே ஆசையும் இருக்கும். அதனை உள்ளபடி எழுதுங்கள். சுவையாகவும் எழுதுங்கள், ஏனெனில் களைத்துப்போன பெண்ணொருத்தி அதைப் படிக்கப் போகிறாள்.

கல்லடிப் பெண்ணுக்கு மாளிகையின் வரவேற்பு வேண்டியதில்லை. அவள் கட்டிய வீட்டுக்கு ஒரு நாவல் வேண்டும்.